தேக்கு நிறைந்த சமையலறைக்கு என்ன நிறம் பொருந்தும்?

கும்பகோணத்தில் பழைய வீடு, சமையலறை முழுக்கத் தேக்கு அலமாரி, இருட்டடிக்கிறது, சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பளீர் வெள்ளை வேண்டாம். தேக்கில் மஞ்சளும் செம்மையும் கலந்திருக்கும். பக்கத்தில் சுத்த வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி நிற்கும். மோர் நிறம் எடுங்கள். ஒரே ஒரு சுவரில் வெளிறிய பச்சை அடிக்கலாம். வாழைக்குருத்தைப் பிரித்தால் உள்ளே தெரியுமே, அந்தப் பச்சை. மரத்தின் செம்மையைத் தணித்துக் காட்டும். முதலில் ஒரு முழத்துக்கு அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

சாப்பாட்டு மேசையையும் மரத்திலேயே வாங்கிவிடாதீர்கள், மரக்கடை ஆகிவிடும். மேலே கிரானைட் போட்டது போதும். திரைக்கு மெல்லிய பருத்தி. அப்புறம், ஐப்பசி அடைமழையில் மரக்கதவு உப்பி இறுகும். வார்னிஷ் வேலையைத் தை பிறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.