பை நிறைந்துவிடும் என்று அப்பா சாப்பிடுவதில்லை

அன்புள்ள அக்கா,

பர்மாவில் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ரங்கூனில் ஆபரேஷன் முடிந்து, வயிற்றின் வலப்பக்கம் பை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சிறுகுடலை வெளியே எடுத்து வைத்திருப்பதாகவும், சில மாதம் கழித்துத் திரும்ப இணைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். பையில் தண்ணீராகவே வருகிறது. அதற்குப் பயந்து அப்பா சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார், ராத்திரியில் எதையும் தொடுவதில்லை. வெறும் தண்ணீரும் டீயும்தான். அப்படியும் நாக்கு வறள்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். பிரஷர் இருப்பதால் சமையலில் உப்பும் குறைவு. சித்திரையில் கோயில் அன்னதானத்துக்கும் வரமாட்டேன் என்கிறார். என்ன கொடுக்கலாம், என்ன கூடாது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

பல வருஷம் அறுவைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் என்பதால்தான் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். என்ன சாப்பிடலாம் என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் தலைசுற்றல். அப்பாவை நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் உப்பும் நீரும் வற்றியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாம் சாப்பிட்டதில் மிஞ்சும் தண்ணீரை, தினம் ஒரு லிட்டருக்கு மேல், பெருங்குடல் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கூடவே உப்பையும். அப்பாவுக்கு வைத்திருப்பது இலியோஸ்டமி. சாப்பாடு பெருங்குடலுக்குப் போகாமல் சிறுகுடலிலிருந்தே வெளியேறுகிறது, அதோடு உப்பும் போய்விடுகிறது. இந்த நிலையில் வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால், உடம்பில் இருக்கிற உப்பும் குடலுக்குள் கசிந்து அந்தத் தண்ணீரோடு பைக்குப் போகும். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்காதது இதனால்தான். அப்பா குறைவாகக் குடிக்கவில்லை, குடிப்பதில் உப்பு இல்லை.

உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து வந்தால் சிறுகுடல் இரண்டையும் இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் பின்னாலேயே போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இதற்குத்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் இத்தகையவர்களுக்குக் கொடுக்கும் கரைசலின் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். குளிரவைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து, நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடிக்கலாம். மிஞ்சினால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், உப்பிலிருக்கும் சோடியம் குறைவு. அதையே மருந்தாக நம்பிவிடக் கூடாது. பாட்டில் ஜூஸும் கலர் சோடாவும் வேண்டவே வேண்டாம், அந்தச் சர்க்கரை இன்னும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும்.

பிரஷர் விஷயம் முக்கியம். உப்பைக் குறைக்கச் சொன்னது ஆபரேஷனுக்கு முன்னால். அந்தக் கட்டுப்பாடு இப்போதும் பொருந்துமா, பிரஷர் மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடமே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் கரைசலையும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். போகுமுன் ஒரு நாள் முழுக்கப் பையில் வருவதை அளவு ஜாடியில் ஊற்றிக் குறித்துக்கொண்டால் டாக்டருக்கு உதவும், ஆனால் அதற்காகப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். குடல் பழகிய பிறகு பொதுவாக 500 முதல் 800 மில்லி வரை வரும். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அதைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது.

சரி, சாப்பாடு. பட்டினி கிடந்தாலும் பை நிறையும். குடலின் சாறுகள் சுரந்துகொண்டேதான் இருக்கும், வெறும் வயிற்றில் வாயுவும் சேரும். அப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், பயம் பாதி குறையும். குழைந்த சோறு, இட்லி, மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் வருவதைக் கெட்டிப்படுத்தும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். புண் ஆற மீனும் முட்டையும் கோழியும் தினம் ஏதாவது ஒன்று வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாமல் சீக்கிரமே முடித்துவிட்டால் தூக்கம் கெடாது. குடிப்பதைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் நடுநடுவே வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மியக் காலை உணவான மொகிங்கா இல்லாமல் அவருக்குக் காலை விடியாது என்றால் தாராளமாகக் கொடுங்கள். அரிசிச் சேமியா, மீன் சாறு, உப்பு எல்லாம் அவருக்கு வேண்டியவைதான். அதிலிருக்கும் வாழைத்தண்டை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிறோமே, அந்த நார் எவ்வளவு எடுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். குடல் வயிற்றுச் சதையைத் துளைத்து வெளியே வரும் இடம் குறுகல், முதல் வாரங்களில் வீக்கமும் இருக்கும். நார் திரண்டு அங்கே அடைத்துக்கொள்ளும். மேலே தூவும் பருப்பு வடையும் வேண்டாம். தேயிலைச் சாலட்டான லபெட்தோவில் வறுத்த பயறும் கடலையும் எள்ளும் இருப்பதால் அதையும் தள்ளிப்போடுங்கள். முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், சோளம், காளான், பலாப்பழம், வெற்றிலை பாக்கும் அப்படியே. ஆறிலிருந்து எட்டு வாரம் போனபிறகு, ஒரு நேரத்தில் ஒன்று என்று கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். எதையும் நன்றாக மென்று சாப்பிட வேண்டும்.

நாலைந்து மணி நேரம் பையில் எதுவுமே வராமல் வயிற்றை முறுக்கினாலோ, வாந்தி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேதியாக வைக்கும் மருந்து கொடுத்துவிடாதீர்கள்.

கோயிலுக்கு அவர் வரட்டும். சோறு, ரசம், மோர் போதும், பொரியலையும் கூட்டையும் விட்டுவிடலாம், பாயசம் ரெண்டு கரண்டி. கிளம்புமுன் பையைக் காலி செய்து, மாற்றுப் பை ஒன்றும், சித்திரை வெயிலுக்குக் கரைசல் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்தால் கசியாது, வெளியே தெரியாது. பந்தியில் கழிப்பறைக்குப் பக்கமாக இடம் பிடித்து, நீங்களோ அம்மாவோ பக்கத்தில் உட்காருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.