ரெசெட்டியர் என்ற கணினி ஆட்டத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், பாத்திரங்களைப் பேச வைத்ததால்தான். ஈஸிகேம்ஸ்டேஷன் என்ற சிறு ஜப்பானியக் குழு 2007-இல் வெளியிட்ட ஆட்டம் இது. அப்பா விட்டுப்போன 8,20,000 பிக்ஸ் (ஆட்டத்தில் வரும் பணம்) கடனை அடைக்க ரெசெட் என்ற சிறுமி கடை நடத்துகிறாள். கடனை வசூலிக்க வந்த டியர் என்ற தேவதையே கூட்டாளி! சரக்கு வேண்டுமென்றால் ஒரு வீரரை அமர்த்திக்கொண்டு பாதாள அறைகளில் இறங்கிச் சண்டை போட வேண்டும். சண்டை சுமார் ரகம்தான். ருசியெல்லாம் பேரம் பேசுவதில்.

2010-இல் கார்ப்பே ஃபுல்கர் என்ற குட்டி நிறுவனம் இதை ஆங்கிலமாக்கி ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் கொண்டுவந்தது. ரெசெட் உற்சாகமாகக் கூவும் 'கேப்பிட்டலிசம், ஹோ!' (முதலாளித்துவத்துக்கு ஜே என்பதுபோல) ரசிகர்கள் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. சில மாதங்களிலேயே விற்பனை ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியது.