கடலில் இறங்கும் படகு டிரெய்லரின் பழைய பிரேக்: சரிசெய்வதா, மாற்றுவதா?

பத்து வருஷப் பழைய டிரெய்லர், டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் மூடிய உருளைக்குள் பிடிக்கிற பிரேக்) இறுகிவிட்டது, உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூ மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உப்புத் தண்ணீரில் இறக்குகிற டிரெய்லர் என்றால் போதாது. டிரம்மையே கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் (திறந்த தட்டை இருபுறமும் பேட் கவ்விப் பிடிப்பது) போடுங்கள்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். கால்வெஸ்டன் விரிகுடாவில் மீன் பிடித்துவிட்டு ஒருநாள் ஐ-45 நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும்போது கருகல் வாடை வந்தது. ஓரங்கட்டி இறங்கி, சக்கரத்தின் நடுவே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் துருவேறி இறுகி, பிரேக் பிடித்தபடியே அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். வண்டியின் பின் சீட்டில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டில் டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழற்றியதும் செம்மண் சேறு மாதிரி துரு கொட்டியது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங், இரும்பை விட்டு அப்பளம்போலப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே புகுந்த உப்பு அங்கேயே தங்கிவிடும். வெளியிலிருந்து எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் சரியாக எட்டாது. டிஸ்க் திறந்தே இருப்பதால் கழுவினால் உப்பு போய்விடும்.

மாற்றும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் சர்ஜ் பிரேக்தான்: வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே தள்ளல் உண்டு. டிரம்மில் பெரும்பாலும் அப்போது பிடி தானாகத் தளர்ந்துவிடும், டிஸ்க்கில் தளராது. அதனால் ரிவர்ஸ் லைட்டோடு இணைந்து, அந்நேரம் ஆயில் பிரேக்குக்குப் போகாமல் தடுக்கிற சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) கட்டாயம். அதற்காக, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் நாலு பின் மின் பிளக்கை ஐந்து பின்னாக மாற்ற வேண்டிவரும். அடுத்து, டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் டிஸ்க் பேட் உரசிக்கொண்டே ஓடும், நான் பட்ட அதே சூடு திரும்ப வரும். பலர் தவறவிடுவது இதைத்தான். மூன்றாவது, பழைய இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸையும் விட்டுவைக்காதீர்கள். என் குழாயை வெட்டியபோது வந்த பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அது ஈரத்தை இழுக்கும்: டாட் 3 என்ற வகைப் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரமேறினால் 140-லேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் பெடலை மிதித்தும் டிரெய்லர் நிற்காது.

கான்ரோ ஏரி மாதிரி நன்னீரில் மட்டும் இறக்குபவர் என்றால் டிரம்மே போதும். அப்போதும் ஷூவைத் தனியாக வாங்காமல், அதைத் தாங்கும் பின்தட்டோடு முழு செட்டாக வாங்குங்கள். நாலைந்து போல்ட்தான், இடது வலது மாறக்கூடாது.

டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் சட்டப்படி வேண்டும். படகு, எஞ்சின், பெட்ரோல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் ஐம்பது மைலுக்குள் இரண்டு மூன்று தடவை நிறுத்தி வீல் நட்டை முறுக்கிப் பாருங்கள், டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.