எம்.பி.ஏ. ஸ்ட்ராட்டஜி: கோத்தகிரி அக்காவிடம் கேளுங்கள்

கோத்தகிரியில் வளர்ந்து, சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராட்டஜியை, அதாவது தொழில் உத்தியை, சிறப்புப் பாடமாக எடுத்து எம்.பி.ஏ. முடித்தவள் நான். பன்னிரண்டு வருடம் கம்பெனி வேலை, இப்போது திரும்பவும் மலை. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். விசா கேட்டவர்களும் ஷேர் மார்க்கெட் கேட்டவர்களும் வேறு ஆளைப் பாருங்கள்.

ஊட்டி, பி.காம். மூன்றாம் ஆண்டு: ஒரு கல்லூரி 'சராசரி சம்பளம் 13 லட்சம்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா அக்கா?

தம்பி, ஐந்து பேரை எடுத்துக்கொள். நாலு பேருக்கு 6, 6, 7, 7 லட்சம். ஐந்தாவது ஆள் ஏழு வருடம் சாஃப்ட்வேரில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், அவருக்கு 40. கூட்டி வகுத்தால் 13.2 லட்சம். அந்தப் பதின்மூன்றை வகுப்பில் ஒருத்தர்கூட வாங்கவில்லை. சம்பளத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கிறவருக்கு எவ்வளவு என்று கேள். அதுதான் மீடியன், இங்கே 7. அப்புறம், மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேரைக் கணக்கில் சேர்த்தார்கள் என்றும் கேள். வேலை கிடைக்காதவர்களை 'சொந்தத் தொழில்' என்று எழுதி ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு.

இன்னொன்று. நம் ஊரில் சி.டி.சி. என்றால் நசுக்கி, கிழித்து, சுருட்டிய தேயிலைத் தூள். சம்பளக் கணக்கில் சி.டி.சி. என்றால் உனக்காகக் கம்பெனி போடும் மொத்தச் செலவு. பி.எஃப்., காப்பீடு, வந்தால் வரும் போனஸ் எல்லாம் அதற்குள். மாதா மாதம் கைக்கு வருவது வேறு. நசுக்குவது மட்டும் இரண்டுக்கும் பொது.

கூடலூர்: எனக்குக் கோவையை விடக் கோழிக்கோடு பக்கம். அங்கே படிக்கலாமா?

படிக்கலாம். 1996-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்., மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரி, அங்கே இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊர் என்று யாரும் இடம் தரமாட்டார்கள், கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு. இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. மைசூரில் சேர்ந்தால் ஒன்று நினைவில் வை: வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி வீட்டுக்கு வரலாம் என்று கணக்குப் போடாதே.

குன்னூர்: ஒரு ஏஜென்ட் 50,000 முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்கிறார்.

கட்டாதே. என் அப்பா இரண்டு மாதம் தேயிலை இலை விற்ற பணத்தை அப்படி ஒருவரிடம் கொடுத்தார். ரசீது ஒரு வெள்ளைத்தாள். அடுத்த வாரம் போனால் அந்த மாடி அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மஞ்சூர்: கல்விக் கடனுக்குத் தோட்டத்துப் பத்திரம் கேட்பார்களா?

அரசின் கல்விக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. அதற்கு மேலே போனால் பத்திரம் கேட்கலாம். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடு. ஏஜென்ட் வழியாகக் கடன் வேண்டாம், நேராக வங்கிக்குப் போ.

ஊட்டி: எம்.பி.ஏ. முடித்தால் எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?

மேலே பார்.

அரவேணு: அலும்னி (பழைய மாணவர்கள்), நெட்வொர்க் என்கிறார்களே, நிஜமாகவே பயன் உண்டா?

வருடாந்திரச் சந்திப்பில் பிரியாணியும் போட்டோவும் உண்டு. பயன் அங்கே இல்லை. ஒரு கம்பெனியின் சிக்கலை அலசும் ஒரே கேஸை வைத்து ராத்திரி ஒரு மணி வரை சண்டை போட்ட ஐந்து பேர் க்ரூப் இருக்கிறதே, அதில்தான். எங்கள் ஐவரில் ஒருவன் ஒரு ஸ்லைடுகூடச் செய்யமாட்டான். ஆனால் எல்லாம் முடிந்தபின் வந்து, "இதில் பணம் யார் கையில் நிற்கிறது?" என்று மட்டும் கேட்பான். மொத்தத்தையும் திரும்பச் செய்வோம். இன்றைக்கும் ஒரு யோசனை வந்தால் முதல் போன் அவனுக்குத்தான்.

கோத்தகிரி, சிறு விவசாயி: அம்மிணி, படித்து வந்தவங்க எல்லாரும் "ஒயிட் டீ போடு, ஆர்த்தடாக்ஸ் போடு" என்கிறீங்க. ஒரு ஏக்கர்காரன் என்ன செய்வான்?

அண்ணா, இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். விலை கூடிய தேயிலை வகைக்கு மாறு என்று நான் சொல்லமாட்டேன். ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல், ஒரு தொழிலில் போட்டியைத் தீர்மானிக்கும் ஐந்து விசைகள் என்று எழுதினார். அதில் ஒன்று வாங்குகிறவரின் பலம். பறித்த இலையை நீங்கள் நாளைக்கு விற்கலாம் என்று வைத்திருக்க முடியாது, வாடிவிடும். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை வேண்டும் என்பதால் தூரத்துக்கும் கொண்டுபோக முடியாது. இலை எடுக்க வரும் வண்டி நிற்கும் இடத்தில் வண்டிக்காரர் சொன்னதே விலை. தேயிலை வாரியம் மாதா மாதம் சராசரி விலை அறிவித்தாலும், மூட்டையைத் தராசில் ஏற்றும்போது உங்கள் பக்கம் பேச ஆள் கிடையாது.

குன்னூர், தொழிற்சாலை வைத்திருக்கும் குடும்பம்: இது ஒருதலைப்பட்சம் மேடம். கத்தரி வைத்து வெட்டி, அஞ்சு இலை, குச்சியோடு கொண்டுவந்தால் தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகும்?

நியாயம்தான் சார்.

கோத்தகிரி விவசாயி: ரெண்டு இலை ஒரு மொட்டு பறிச்சுக் குடுத்தேனே, ஒரு சீசன் முழுக்க. பக்கத்துத் தோட்டத்துக் குச்சிக்கும் அதே விலைதானே போட்டாங்க?

இதைவிட நல்ல பாடம் நான் வகுப்பில் படித்ததே இல்லை! நல்ல இலையும் குச்சியும் ஒரே மூட்டையில், ஒரே விலையில் போனால், நல்ல இலை பறிக்கிறவர் கைவிட்டுவிடுவார். பழைய கார் சந்தையை வைத்துப் பொருளாதார அறிஞர் அகெர்லாஃப் 1970-இல் சொன்னது இதுதான். சார் சொல்லும் குச்சியும் அண்ணன் சொல்லும் விலையும் ஒரே முடிச்சு. முதலில் அவிழ்க்க வேண்டியது தொழிற்சாலைதான் என்பது என் கட்சி. இருபது பேர் இலையைத் தனி வண்டியில், தனி விலையில் மூன்று மாதம் எடுத்துப் பாருங்கள் சார்.

குன்னூர்: தனி வண்டிக்கு டீசல் யார் போடுவது?

அதைத்தான் கணக்குப் போட வேண்டும்.

கோத்தகிரி: எம்.பி.ஏ. படித்தால் சம்பளம்...

தங்கச்சி, மேலே பார். ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதே.

கோத்தகிரி விவசாயி: மழை நாளில் ஈரம்னு மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிக்கிறாங்க. அதுக்கு உங்க போர்ட்டர் என்ன சொல்றார்?

அவர் நம் மழையைப் பார்த்ததில்லை அண்ணா. போன ஆறு மாத எடைச் சீட்டை எல்லாம் எடுத்து வையுங்கள். வெயில் நாள் தனி, மழை நாள் தனி. ஞாயிறு காலை வருகிறேன். குன்னூர் சாரும் வரட்டும், டீசல் பில்லோடு.