வாசனை காட்டி வண்டு பிடிக்கலாமா? வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்கள்

மாதவரத்திலிருந்து: சார், ஐரோப்பாவில் மரப்பட்டை வண்டுகளை வாசனை காட்டிப் பிடிக்கிறார்களாமே? அந்த மருந்தை இங்கே வாங்கலாமா?

வாங்காதீர்கள். அது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்து வண்டுக்கானது. முதலில் பட்டையைத் துளைக்கிற ஆண் வண்டு ஒரு வாசனையை விடும். அதை மோப்பம் பிடித்து ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் வந்து இறங்கும். திடமான மரம் பிசினைப் பீய்ச்சி ஓரிரு வண்டுகளைத் தள்ளிவிடும், கூட்டமாக வந்தால் தாங்காது. அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்துதான் பொறியில் வைக்கிறார்கள். வேறு சில வண்டுகளுக்குப் பைன் மர வாசனையான ஆல்ஃபா பைனீனையும் சேர்ப்பார்கள். மாதவரத்தில் ஏது பைன்?

எண்ணூரிலிருந்து: மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் மாமரம் தேறவே இல்லை. அடிமரத்தில் குண்டூசித் துளைகள், அதிலிருந்து மரத்தூள் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. என்ன அண்ணா இது?

அம்ப்ரோசியா வண்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேர் தண்ணீரில் மூச்சுத் திணறினால் மரத்துக்குள் எத்தனால், அதாவது சாராயச் சத்து, உண்டாகும். இந்த வண்டு அந்த வாசனைக்குத்தான் வரும். அது மரத்தைத் தின்பதில்லை. துளைக்குள் பூஞ்சை வளர்த்து அதைத் தின்கிறது. அதனால் வெளியே மருந்தடித்து அதிகப் பலனில்லை. வண்டு நடமாட்டம் தெரிய வேண்டுமானால், பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் எத்தனால் கலந்த சானிடைசரை வைத்து, அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். ஐசோபுரோபைல் வகை வேண்டாம், லேபிளைப் பாருங்கள். மாமரத்திலேயே கட்டிவிடாதீர்கள், தள்ளிக் கட்டுங்கள். காய்ந்த கிளைகளை வெட்டினால் வாசலில் குவிக்காமல் உடனே அப்புறப்படுத்துங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: வீட்டில் ஒரே ஒரு தென்னை. சிவப்புக் கூன்வண்டுக்கு வாளிப் பொறி வைக்கலாமா?

ஒற்றை மரத்துக்கு நான் வைக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பொறியில் இருப்பது ஃபெருஜினியால், ஆண் வண்டு விடுகிற வாசனை. அக்கம்பக்கத்து வண்டெல்லாம் வரும். வாளிக்குள் விழாதது உங்கள் மரத்தில் ஏறும். தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, மரங்களை விட்டுத் தள்ளி ஒரு காலி மனையில் வையுங்கள். மூடியுள்ள வாளி, விளிம்புக்குக் கீழே நாலு துளை, வண்டு பிடித்து ஏற வெளியே சாக்குத் துணி, மூடியில் அந்த வாசனைக் குப்பி, அடியில் தண்ணீரோடு கரும்புத் துண்டு. பழைய குறிப்புகளில் கள் ஊற்றச் சொல்வார்கள். நம் மாநிலத்தில்தான் தடையாயிற்றே! கரும்பும் கொஞ்சம் ஈஸ்டும் போதும். தீனியைத் தவறாமல் மாற்றுங்கள், அது காய்ந்தால் பிடிப்பு விழுந்துவிடும். விழுவதில் பெண் வண்டுகளே அதிகம் என்பது நமக்கு லாபம்.

அதே தெருவிலிருந்து: காண்டாமிருக வண்டும் அதில் விழுமா?

விழாது, அதற்கு வாசனை வேறு. முதலில் எருக்குழியைக் கிளறி அதன் புழுக்களைப் பொறுக்குங்கள். காண்டாமிருக வண்டு குருத்தில் போடும் காயத்தில் கூன்வண்டு முட்டையிடும்.

மணலியிலிருந்து: கன்டெய்னரில் வந்த மரப் பலகைகளில் ஓட்டைகள் இருக்கின்றன. கிடங்கில் பொறி வைக்கவா?

முதலில் முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர்ச் சின்னமும் ஹெச்.டி. எழுத்தும் இருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது என்று பொருள். ஓட்டை பழையதாக இருக்கலாம். துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். புதுத்தூள் கொட்டியிருந்தால் பலகையைத் தனியே எடுத்து வைத்து, தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பொறி வைத்தால் வண்டு வந்திருப்பது தெரியும், அவ்வளவுதான். பலகைக்குள் இருக்கிற புழுவை அது தொடாது.