சீட்டில் 'கொடு' என்று வந்தால் கொடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். கணவர் பைக் ஷோரூமில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். எங்கள் சபை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு நிரந்தரப் பணியிடம் காலியாகியிருக்கிறது. 15 லட்சம் 'நன்கொடை' கொடுத்தால் இடம் நிச்சயம் என்று கமிட்டியில் இருக்கும் என் சித்தப்பா சொல்கிறார். மாமியார் தன் பேரில் உள்ள நிலத்தை விற்கச் சம்மதித்து, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. அதில் ஏழு லட்சம் வரும். மீதியைக் கடன் வாங்க வேண்டும். கணவருக்கு மட்டும் மனமில்லை. "அந்தக் காசைக் கொடுத்துட்டு உள்ளே போய் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பே?" என்கிறார். இத்தனைக்கும் அவர் உபவாசம்கூட இருக்கவில்லை. நான் உபவாசித்து ஜெபித்துச் சீட்டுப் போட்டேன். முதல் தடவை 'வேண்டாம்' என்று வந்தது. மனம் அமைதியாக இல்லாமல் போட்டோமோ என்று மறுபடி போட்டேன். அதற்குப் பிறகு போட்ட இரண்டு தடவையும் 'கொடு' என்றே வந்தது. புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டையிலும் "இதோ, திறந்தவாசலை உனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்". நான் லஞ்சம் வாங்கவில்லையே, கொடுக்கத்தானே போகிறேன்? கர்த்தருடைய சித்தம் எது?
– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதல் சீட்டிலேயே 'கொடு' என்று வந்திருந்தால் இரண்டாவது சீட்டுப் போட்டிருப்பீர்களா?

உங்களைக் குத்திக்காட்ட இதைக் கேட்கவில்லை. இந்த விஷயத்தை மறைக்காமல் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மைதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பாதிப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எரேமியா புத்தகத்தில் 41-ஆம் அதிகாரத்தின் கடைசியிலிருந்து 43 வரை ஒருமுறை சேர்த்து வாசியுங்கள். எருசலேம் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா வைத்துவிட்டுப் போன அதிகாரி கெதலியாவையும் வெட்டிவிட்டார்கள். பழி தங்கள் மேல் வரும் என்று மிச்சமிருந்த ஜனங்கள் நடுங்குகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடம் எகிப்து. அங்கே சண்டை இல்லை, பஞ்சம் இல்லை. புறப்பட்டு பெத்லெகேமுக்குப் பக்கம் வரை வந்தும் விட்டார்கள். அங்கே மூட்டை முடிச்சுகளை இறக்கி வைத்துவிட்டு எரேமியாவிடம் வருகிறார்கள்: நாங்கள் எந்த வழியில் போகவேண்டும் என்று கர்த்தரிடத்தில் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கேட்டு நடப்போம் என்கிறார்கள். எரேமியா பத்து நாள் காத்திருந்து பதில் கொண்டுவருகிறார்: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். "நீ பொய் சொல்லுகிறாய்" என்றுதான் அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அவருடைய எழுத்தன் பாருக்குதான் அவரைத் தூண்டிவிட்டான் என்று அவன் மேலும் ஒரு பழி.

பயணம் தொடங்கிய பிறகு கேட்ட ஜெபம் அது. நிலத்துக்கு முன்பணம் வாங்கியது முதலிலா, உபவாசம் முதலிலா? கடிதத்தில் அந்தத் தேதிகள் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

சரி, சீட்டு விஷயத்துக்கு வருவோம். அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்களே என்று உங்களைப் போலவே பலர் நினைக்கிறார்கள். யூதாசின் இடத்துக்கு ஆள் தேடும்போது போட்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, யார் தகுதியுள்ளவர் என்று பேதுரு எழுந்து நின்று சொல்லிவிட்டார். அந்தத் தகுதி உள்ள இரண்டு பேரை நிறுத்தின பிறகுதான் சீட்டு. இரண்டு பேரில் யார் வந்தாலும் குறையில்லை. நீங்கள் போட்ட சீட்டில் ஒரு பக்கம் இருப்பது, செய்யலாமா கூடாதா என்று கர்த்தர் யாத்திராகமத்திலேயே சொல்லி முடித்த காரியம். "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்." பரிதானம் என்றால் லஞ்சம்தான். பக்கத்து வீட்டுச் செயினை எடுக்கலாமா வேண்டாமா என்று யாரும் சீட்டுப் போட மாட்டோம். ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியை மறுபடி கேட்கும்போது, பதிலை மாற்றச் சொல்லித்தான் கேட்கிறோம்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் இடம் குறைவு என்பதால் பாதி வசனம்தான் அச்சாகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 3:8-ஐ முழுதாக எடுத்துப் பாருங்கள். பிலதெல்பியா சபையாருக்கு இருந்த பெலன் கொஞ்சம்தான். அப்படியிருந்தும் அவர்கள் ஆண்டவருடைய வசனத்தைக் காத்துக்கொண்டார்கள், அவருடைய நாமத்தை மறுதலிக்கவில்லை. அந்த ஜனங்களுக்குத்தான் திறந்த வாசல். அதை ஒருவனும் பூட்டமாட்டான் என்றும் அங்கேயே இருக்கிறது. ஒருவனும் பூட்ட முடியாத வாசலுக்குச் சித்தப்பா சாவி வைத்திருப்பது எப்படி?

பவுலுக்கும் இப்படி ஒரு வாக்குத்தத்தம் இருந்தது. எருசலேமில் பிடிபட்டிருந்தபோது, ஒரு ராத்திரியிலே கர்த்தர் அவரருகே நின்று, ரோமாவிலும் நீ சாட்சி கொடுக்கவேண்டும் என்று சொன்னார். அதற்குப் பிறகு அவரைச் செசரியாவுக்குக் கொண்டுபோய் தேசாதிபதி பேலிக்ஸின் காவலில் வைத்தார்கள். இந்தப் பேலிக்ஸ் அடிக்கடி அவரைக் கூப்பிட்டுப் பேசுவான். நீதி, இச்சையடக்கம், நியாயத்தீர்ப்பு என்று பவுல் பேசப்பேச அவனுக்குப் பயமும் வந்தது. ஆனால் கூப்பிட்டதன் காரணத்தை லூக்கா மறைக்காமல் எழுதுகிறார்: பவுல் தனக்குப் பணம் கொடுப்பார், வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்ற எதிர்பார்ப்பு (அப்போஸ்தலர் 24:26).

அந்த நிலைமையில் உங்களையும் என்னையும் வைத்துப் பாருங்கள். ரோமாவுக்குப் போகவேண்டும் என்று சொன்னவர் கர்த்தர். கதவு திறக்கும் விலையும் தெரிந்துவிட்டது. சிநேகிதர் வந்து உதவி செய்யத் தடையில்லை. சொல்லி அனுப்பினால் சபைகள் எப்படியாவது புரட்டிக் கொடுத்திருக்கும். வெளியே வந்தால் எத்தனை ஊர்களில் ஊழியம் நடக்கும்! இவ்வளவு நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் பணம்தானே என்று சொல்ல நூறு பேர் இருந்திருப்பார்கள். நானும் அந்த நூறில் ஒருவனாக இருந்திருப்பேனோ என்று சில நேரம் தோன்றும். பவுல் கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் உள்ளேயே இருந்தார். பேலிக்ஸ் மாற்றலாகிப் போகும்போதும், யூதருக்குத் தயவு செய்ய நினைத்து அவரைக் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான். அப்புறம் அவன் இடத்துக்குப் பெஸ்து வந்தான். பவுல் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். நூற்றுக்கு அதிபதி ஒருவனின் காவலில் கப்பல் ஏறி, மெலித்தா தீவில் கப்பல் உடைந்து, கடைசியில் ரோமா போய்ச் சேர்ந்தார். சொன்ன வாக்கு நிறைவேறியது. போன வழியை யாரும் சுலபம் என்று சொல்ல முடியாது.

அந்த இரண்டு வருஷத்தில் ஏதாவது அடையாளம் கிடைத்ததா, தரிசனம் வந்ததா என்று லூக்கா ஒன்றும் எழுதவில்லை. வேதத்தில் அந்த இரண்டு வருஷமும் ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. அனுபவித்தவருக்கு அப்படி முடிந்திருக்காது.

"வாங்கவில்லையே, கொடுக்கத்தானே போகிறேன்" என்ற கேள்வி: சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோனும், பரிசுத்த ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை வாங்கப் பணம் கொடுக்கத்தான் வந்தான். பேதுருவிடம் கடிந்துகொள்ளப்பட்டவன் கொடுக்க வந்தவன்தான். ஒருவர் கொடுப்பது அவரோடு முடிந்துவிடுவதும் இல்லை. 1514-இல் ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்பவர் மைன்ஸ் நகரத்துப் பேராயர் ஆனார். அந்தப் பதவிக்காக ரோமுக்குக் கட்டவேண்டிய பெருந்தொகையை ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடனாக வாங்கினார். கடனை அடைக்க ஊர் ஊராகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்கும் ஏற்பாடு வந்தது. வசூலில் பாதி கடனுக்கே போனது. 1517 அக்டோபர் 31 அன்று லூத்தர் அந்த விற்பனையைக் கண்டித்துத் தம் 95 வாதங்களை அனுப்பியது இதே ஆல்பிரெக்டுக்குத்தான். சபைப் பதவிக்குக் கொடுத்த பணத்தை ஏழை விசுவாசியின் பையிலிருந்து வசூலித்தார்கள். ஆண்டுதோறும் சீர்திருத்த ஞாயிறு கொண்டாடுகிற சபைகளின் கமிட்டி அறையில் இன்றைக்கும் இந்தப் பேரம் நடக்கிறது. இந்தப் பத்திரிகை விற்பது சபை வாசலில்தான். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். "நன்கொடை என்றால் ரசீது தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை காணிக்கை விவரம் வாசிக்கும்போது எங்கள் பேரையும் 15 லட்சத்தையும் சேர்த்து வாசிப்பீர்களா?" அவர் முகத்தைப் பார்த்தால் போதும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. கஷ்டமான வழி எல்லாம் கர்த்தருடைய வழி, சுலபமான வழி எல்லாம் பிசாசின் வழி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி எத்தனையோ நல்ல வேலையையும் நல்ல வரனையும் தட்டிக்கழித்தவர்கள் நம்மிடையே உண்டு. அதே பணியிடம் பணமில்லாமல், நேர்முகத் தேர்வில் உங்களுக்குக் கிடைத்தால், ஸ்தோத்திரம் சொல்லி மறுநாளே போய்ச் சேருங்கள். சுலபமாகக் கிடைத்ததே என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஆனால் பணம் கொடுக்காவிட்டால் இதைவிட நல்ல வேலை தருவார் என்று உங்களுக்கு எழுதித்தர என்னிடம் அதிகாரமில்லை. பெரும்பாலும் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். அவர் கடனை அடைத்து வீடு கட்டி, உங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து பாடுவதை வாராவாரம் நீங்கள் பார்க்க வேண்டியிருக்கும். வலிக்கும். 73-ஆம் சங்கீதத்தில் ஆசாப் இதை உங்களைவிடக் கோபமாகச் சொல்லியிருக்கிறார். அதை உங்கள் ஜெபமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எட்டு லட்சம் கடன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 16,000, அசலைத் தொடாமலே. இன்றைய உங்கள் சம்பளத்தைவிட அது அதிகம். கணக்கு ஒத்துவந்தாலும் என் பதில் மாறாது, ஆனாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் தர இயலாது என்று சித்தப்பாவிடம் கணவரும் நீங்களும் சேர்ந்தே போய்ச் சொல்லுங்கள்; மாமியார் தலையில் போடாதீர்கள். பணியிடத்துக்கு முறைப்படி விண்ணப்பம் எழுதித் தாளாளர் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். பிளஸ் டூ கணக்குக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறவர்களுக்கு எந்த ஊரிலும் தேவை இருக்கிறது. நேரம்தான் பிரச்சினை என்றால், பிள்ளைகளைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ள உங்கள் கணவரைக் கேளுங்கள். உபவாசம் இருக்கவில்லை என்று அவரைக் குறையாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த பதிலை வீட்டுக்குள்ளேயே ஒருவர் சொல்லிவிட்டதால்தான் உங்களுக்கு அது பதிலாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நிலத்துக்கு வாங்கிய முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். கிரய ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் பெரும்பாலும் பேச்சோடு முடிந்துவிடும். எழுதியிருந்தால், மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கொடுத்தவரிடம் பேசுங்கள்.