வயிற்றுக் கிருமியை வைத்து ஆதிமனிதர்கள் போன பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன் எனக்கு வயிற்றுப்புண். எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி இருப்பதாக இருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் கேட்டது, "அம்மாவுக்கு அல்சர் உண்டா?" உண்டு. நீங்கள் கேட்டதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, முக்கியமாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். மருந்து சாப்பிடாவிட்டால் பொதுவாக ஆயுசு முழுக்க இரைப்பையில் இருக்கும். சளி, காய்ச்சல் போல ஊரெல்லாம் பரவாது. ஆகவே ஒரு கூட்டம் இடம்பெயர்ந்தால் கிருமியும் கூடவே போகும், பிரிந்த இடத்தில் அதன் மரபணுவும் தனி வழியில் மாறும். நம் டிஎன்ஏவைவிடப் பல மடங்கு வேகமாக மாறுவதால், சமீபத்தில் பிரிந்தவர்களையும் அது காட்டிக்கொடுக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் போகப்போகக் கிருமியின் மரபணு வகைமை குறைந்துகொண்டே வருவதை 2007இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரிந்து போகும் சிறு கூட்டம் இருக்கும் வகைகளில் கொஞ்சத்தைத்தான் கொண்டுபோகும், அதனால் வகைமை அதிகமுள்ள இடமே தொடங்கிய இடம். சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து மனிதர்களோடு கிளம்பியது என்பது அவர்கள் கணக்கு. பசிபிக் தீவுகளில் பரவியிருக்கும் ஒரு வகையைத் தைவான் வரை பின்தொடர முடிந்தது. மலாய், ஹவாய் மொழிகள் அடங்கிய ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பம் பரவியதாக மொழியியலாளர்கள் சொல்லும் அதே பாதை.

என்னை உலுக்கியது ஓட்ஸிதான். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுப் பழைய உடல். அவர் இரைப்பை மேலே விலகிப்போயிருந்ததால் பல வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. கிடைத்தபோது உள்ளே கடைசிச் சாப்பாடு இருந்தது, கிருமி தங்கும் சவ்வு அழிந்திருந்தது. அதனால் உள்ளே இருந்த டிஎன்ஏ மொத்தத்தையும் எடுத்து, அதிலிருந்து கிருமியின் துண்டுகளை மட்டும் பிரித்துக் கோத்தார்கள். 2016இல் முடிவு வந்தது. இன்றைய ஐரோப்பியர் வயிற்றில் இருப்பது ஆசிய, ஆப்பிரிக்க வகைகளின் கலப்பு. ஓட்ஸியிடம் ஆப்பிரிக்கப் பங்கு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இன்று மத்திய, தெற்கு ஆசியாவில் காணப்படும் வகையோடுதான் ஒத்துப்போனது. அப்படியென்றால் அந்தக் கலப்பு பெரும்பாலும் அவர் காலத்துக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். ஒரே ஒரு உடலை வைத்து ஒரு கண்டத்தின் கதையை முடித்துவிட முடியாதுதான். ஆனாலும் எலும்பும் மண்பாண்டமும் சொல்லாததை ஒரு வயிறு சொல்லியிருக்கிறது.

என் கிருமி 14 நாள் மாத்திரையில் போய்விட்டது. புண், சிலருக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பதால் போக்கத்தான் வேண்டும். அம்மாவுக்கும் பரிசோதனை செய்தோம். அவரிடமும் இருந்தது.